திருஷ்டிக்கு எடுத்த மிளகாய்

எங்கள் குடும்பத்தில் யாராவது காப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாலோ, கோயில் வாசலில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டாலோ, மாமா உடனே எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள்: "ரெண்டும் செவப்பாத்தானே இருக்கு!" சீனியும் உப்பும் எங்கே சிவப்பாக இருக்கின்றன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அது என் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுத்தெருவில் நின்று சொன்ன வாக்கியம். அவள் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்பது வயது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். முன்னால் கார் நிறுத்தும் போர்ச், பின்னால் துணி காயப்போடும் சந்து, நடுவில் அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி, அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அவளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். போர்ட் கிள்ளானில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஆபீசில் அவளுக்கு வேலை. அதிகம் பேசமாட்டாள். வீட்டில் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதையே வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்கு மிளகாய்ப் பைத்தியம் பிடித்தது ஆபீசில்தான். யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரு சாஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் அழாமல் ஒரு கரண்டி சாப்பிடுகிறார்கள் என்று பந்தயம் வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் குழாயடிக்கு ஓட, அத்தை மட்டும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாளாம். அத்தைக்கு அதுவரை எதிலும் ஜெயித்துப் பழக்கமில்லை. அந்த பாட்டிலில் இருந்த மிளகாயின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, அன்று சாயங்காலமே இணையத்தில் விதை தேட ஆரம்பித்துவிட்டாள்.

விதைகள் தபாலில் வந்தன. கோஸ்ட், ஸ்கார்பியன், ஹபனேரோ என்று ஒவ்வொரு சின்னப் பாக்கெட்டிலும் பெயர் எழுதியிருந்தது. பேயும் தேளும் என்று அத்தை எனக்கு அர்த்தம் சொன்னாள். ஹபனேரோவுக்கு அவளுக்கும் அர்த்தம் தெரியவில்லை.

செடி வளர்ப்பில் அத்தைக்கு அதற்கு முன் ஓர் அனுபவமும் கிடையாது. முதல் விதைகளை நேராகத் தொட்டியில் புதைத்து, காலையும் மாலையும் குளிப்பாட்டினாள். அவை மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயின. பிறகு ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, மிச்ச விதைகளை ஈர டிஷ்யூவில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, டிவிக்குப் பக்கத்தில் எப்போதும் சூடாக இருக்கும் டிகோடர் பெட்டியின் மேல் வைத்தாள். இந்த வகை மிளகாய்க்குச் சூடு வேண்டுமாம். முளைக்க வாரக்கணக்கில் ஆகுமாம்.

"என்னா இது, முட்டையா அடைகாக்கிற?" என்று அப்பா செய்தி பார்க்க உட்காரும்போதெல்லாம் கேட்பார்.

"பேசாம இருங்கண்ணே, பயந்துடப் போகுது" என்பாள் அத்தை. அவள் பகடி பேசி நான் கேட்டது அப்போதுதான்.

முளைத்தன. முளைத்ததில் ஒன்றுக்கு விதையின் தோல் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. பாவம் என்று அத்தை அதை மெல்லக் கழற்றப் போனாள்; தொப்பியோடு தலையும் வந்துவிட்டது. அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னும் சிலவற்றை ஹாலிலிருந்து திடுதிப்பென்று வெயிலுக்கு எடுத்துப் போனாள். இலைகள் வெள்ளை வெள்ளையாக வெந்து போயின. கிள்ளானின் மத்தியான மழை இரண்டைக் கொண்டுபோனது. இத்தனைக்கும் தப்பி மூன்று செடிகள் பெரிய தொட்டிக்குப் போய், போர்ச்சின் கிரில் ஓரம் வரிசையாக நின்றன.

பூத்தபோது பூவெல்லாம் உதிர்ந்தது. உடனே என் பள்ளிக்கூட வாட்டர் கலர் பிரஷ் காணாமல் போனது. அத்தை வேலைக்குப் போகுமுன் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டிருப்பாள். எறும்பு, வெள்ளைப் பூச்சி, சுருண்ட இலை என்று ஒவ்வொரு நாளும் ஒரு புகார் இருக்கும். முட்டை ஓட்டை இடித்துப் போட்டாள். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அன்று தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் போர்ச்சில் கூட்டம் போட்டன.

அம்மாவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்கவில்லை. அல்லது பிடிக்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். "இங்க காரு நிக்கணுமா, காடு நிக்கணுமா?" என்று தினமும் காலையில் ஒரு தடவையாவது கத்துவாள். "இவ கல்யாணம் கட்டிப் போனாத்தான் எனக்குப் போர்ச்சு கெடைக்கும்லா" என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் வேலிக்கு மேலாக மலாயிலும் கையிலுமாகச் சொல்வாள். தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாத்தனாரை எப்போது அனுப்பலாம் என்று அண்ணி காத்திருக்கிறாள்.

முதலில் காய்த்தது தேள். நீளமாக, பளபளவென்று சிவந்து தொங்கியது. அத்தை அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு பாதியைக் கடித்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவர் மென்றார். விழுங்கினார். மீதிப் பாதியையும் சாப்பிட்டார். "இனிப்பா இருக்கு" என்றார். விதை விற்றவன் ஏமாற்றிவிட்டிருந்தான். அது சாலட்டில் போடுகிற ஏதோ காரமில்லாத மிளகாய். "இதுக்கா இத்தன பில்டப்பு?" என்று அப்பா ஒரு வாரம் வேலையிடத்திலும் வீட்டிலும் சொல்லிச் சிரித்தார்.

அதே தைரியத்தில்தான் அவர் பேயைக் கடித்தார். அது குட்டையாக, மேலெல்லாம் சுருக்கம் விழுந்து பார்ப்பதற்கே வயதானதுபோல் இருந்தது. தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று ஒரு துண்டை வாயில் போட்டார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று சொல்ல வாயைத் திறந்தவர் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. பாலைக் குடித்தார், தயிரை நாக்கில் அப்பிக்கொண்டார், கடைசியில் பின்சந்துக் குழாயைத் திறந்து வாயை அதன் கீழே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, தட்டில் மிச்சமிருந்த துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கும் ஒரு நாள் கிடைத்தது. பழத்தை நறுக்கிவிட்டு மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்துவிட்டாள். அம்மா அவள் தலையைச் சிங்கில் சாய்த்து வைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாள். மறுநாள் பார்மசியில் ஒரு பெட்டி ரப்பர் கையுறை வாங்கி வந்து மேசைமேல் தொப்பென்று போட்டாள். "இனிமே இது இல்லாம தொட்டேன்னு வச்சுக்க, செடியப் புடுங்கிருவேன்." அதன் பிறகு கையுறை இல்லாமல் அத்தை மிளகாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பழுத்ததையெல்லாம் அத்தை தட்டில் பரப்பி, வலை மூடி, வெயிலில் காயவைத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டாள். தம்பி எடுத்துவிடக் கூடாது என்று அதற்கு அடையாளம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கறுப்பு மார்க்கரால் ஒரு மண்டை ஓடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. பல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தேன். அதுவரை நான் வரைந்ததிலேயே அதுதான் உருப்படியான படம். அப்பா பார்த்துப் பயந்ததுபோல் நடித்தார். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றாள். எனக்கு அது பெரிய குறை. ஜாடி சமையலறை மேல் ஷெல்பில், கை எட்டாத இடத்துக்குப் போனது. சமையலுக்கான காய்ந்த மிளகாய் எப்போதும்போல் அடுப்பு ஓரத்து பிஸ்கட் டின்னில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரவாங் சம்பந்தம் வந்தது.

அப்பா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கூட வேலை பார்ப்பவர் கொண்டுவந்த வரன். ரவாங்கில் சொந்தமாக ஹார்ட்வேர் கடை, மேல்மாடியில் வீடு, அம்மாவும் ஒரே மகனும். மாப்பிள்ளை பார்க்க வாட்டசாட்டமாக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியது மொத்தமே ஏர்கானைப் பற்றித்தான். பேச வேண்டியதையெல்லாம் அவருடைய அம்மா பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகத் தேவையில்லை, கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் போதும். பெண்ணின் காரும் தேவையில்லை, விற்றுவிடலாம். மாமியாருக்கு மூட்டுவலி, ஆகவே அக்கம்பக்கம் சுற்றுகிற வேலை வேண்டாம்.

அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மாடியில வெயில் வருங்களா?"

"செடியா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, போர்ச்சைத் திரும்பிப் பார்த்து. "அதெல்லாம் எதுக்கும்மா? கொசு வரும். இங்கயே யாருக்காச்சும் குடுத்துட்டு வந்துரு."

அவர்கள் போன பிறகு அப்பா அத்தையைக் கூப்பிட்டு, "உனக்கு ஓகேதானே?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்பா கெட்டவர் இல்லை. அத்தைக்கு முப்பத்து நான்கு முடிந்திருந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தன. தங்கையை வீட்டோடு வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றாள் அத்தை.

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவானது. தட்டு மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் ஆன மாதிரிதான். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் நடக்கப்போகும் முதல் கல்யாணம். பிரிக்பீல்ட்ஸ் கடையில் எனக்கு ஒரு ஊதா நிறப் பாவாடை செட் பார்த்து வைத்திருந்தேன். செடிகளையும் அத்தை எனக்குத்தான் விட்டுப் போவாள் என்று நானே முடிவு செய்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது, அத்தை பின்சந்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கையுறை. கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் நனைந்திருந்தது. அம்மா அவள் பக்கத்தில் தரையில் குந்தி, அவள் முதுகில் கை வைத்திருந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"ஏன் அத்தை அழுவுது?"

"மிளகா காரம்" என்றாள் அம்மா. "போயி ஒரு கிளாஸ் பால் எடுத்துட்டு வா."

ஓடிப்போய்ப் பால் கொண்டுவந்தேன். அதை யாரும் கண்ணில் ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அம்மா அதைக் குடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அவசரமாகக் கேட்டுவிட்டு இவளே குடிக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எழும்போதே வீடு பரபரப்பாக இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சட்டை இன் செய்துகொண்டு வந்திருந்தார். அம்மா விடியற்காலையிலேயே கேசரி கிண்டி முடித்திருந்தாள். பின்சந்தில் காயாமல் தொங்கிய துணியையெல்லாம் உருவி உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சீன ஆன்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். "அவனுக்குக் கூட்டம் ஆவாது" என்றாள். கூட்டத்தைக் கண்டால் குதிக்கிற பிள்ளை அவன். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்கதவு ஓரம் போட்டு, "நீ இங்கதான் உக்காரணும். நான் சொல்றவரைக்கும் ஹாலுக்கு வரக் கூடாது" என்றாள். அங்கிருந்து பார்த்தால் ஹாலில் பாதி சோபாதான் தெரிந்தது. என் வாழ்நாளின் முதல் நிச்சயதார்த்தத்தை நான் அரை சோபா அளவுக்குத்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரவாங்காரர்கள் இரண்டு காரில் வந்தார்கள். வெற்றிலை, பழம், பட்டுப்புடவை, இனிப்பு என்று தட்டுகள் ஹால் மேசையை நிறைத்தன. ஏர்கானைப் போட்டு, ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் அம்மாவே இழுத்து மூடினாள். தட்டை எடுக்க அப்பா எழுந்தார்.

"ஒரு நிமிஷங்க" என்றாள் அம்மா. "தட்டு மாத்துறதுக்கு முன்ன ரெண்டு பேருக்கும் ஒரு தடவ சுத்திப் போட்டுடறேன். ஊருக் கண்ணு எல்லாம் இவங்க மேலதான் இருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா மலர்ந்துவிட்டார். "பரவால்லயே! இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கறா?" என்று தன் கூட வந்தவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்கும் பெருமை. இத்தனை நாள் நாத்தனாரிடம் சிடுசிடுவென்று இருந்தவளுக்குக் கடைசியில் பாசம் வந்துவிட்டதே என்று நினைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் திருஷ்டி கழிப்பது புதிதல்ல. கல்லுப்பு, கடுகு, காய்ந்த மிளகாய் மூன்றையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஆளைச் சுற்றி, நெருப்பில் போட வேண்டும். நெடி வந்து எல்லோரும் இருமினால் திருஷ்டி இல்லை. நெடியே வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது, மிளகாயின் காரத்தையே அது தின்றுவிட்டது என்று அர்த்தம். அம்மா இதை எப்போதும் போர்ச்சுக்கு வெளியே, கேட்டோரம் வைத்துத்தான் செய்வாள்.

அன்று சாம்பிராணிச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருக்க, அதை ஹாலுக்கே கொண்டுவந்து சோபாவுக்கு முன்னால் வைத்தாள். திரும்பவும் சமையலறைக்குப் போய் ஷெல்பில் எதையோ எடுத்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. தோளில் ஒரு ஈரத் துண்டு. சுற்றிப் போடும் பொருளை வழக்கம்போல் உள்ளங்கையில் எடுக்காமல் ஒரு பெரிய வெற்றிலையில் பொதிந்து எடுத்துப் போனாள். விசேஷ நாள் என்பதால் வெற்றிலை என்று நினைத்துக்கொண்டேன்.

சோபாவில் உட்கார்ந்திருந்த இருவரையும் மூன்று முறை சுற்றினாள். வெற்றிலையோடு அப்படியே நெருப்பில் போட்டாள். உப்பும் கடுகும் படபடவென்று வெடித்தன. எல்லோரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடி வரவில்லை.

"பாருங்க, பாருங்க!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஒண்ணுமே வரல. எவ்ளோ திருஷ்டி பாருங்க எம் புள்ளைக்கி!"

சொல்லி வாயை மூடவில்லை, வந்துவிட்டது.

சாதாரண மிளகாய் நெடி தொண்டையில் கரகரக்கும், நாலு தும்மல் வரும், போய்விடும். இது அப்படியில்லை. புகை கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் மூச்சை உள்ளே இழுத்தவர்கள் யாரும் அடுத்த மூச்சை அங்கே இழுக்கவில்லை. மூடிய ஜன்னலுக்குள் ஏர்கான் அதை நான்கு மூலைக்கும் சமமாகப் பங்கிட்டது. முதலில் மாப்பிள்ளைதான் ஓடினார். அவருடைய அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருமிக்கொண்டு கையை நீட்டிக்கொண்டிருக்க, அவர் தாண்டிக் குதித்துக் கதவைத் திறந்து, போர்ச்சில் இருந்த பேய்ச் செடித் தொட்டியை இடறித் தள்ளிவிட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தது என் அம்மாதான். அத்தை கடைசியாக வந்தாள். ஈரத் துண்டு அவள் முகத்தில் இருந்தது. நான் பின்கதவு வழியாக ஓடி, சந்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவதற்குள் எனக்கும் கண் மூக்கெல்லாம் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா ஒரு ஜக் தண்ணீரோடு ஓடிவந்து என்ன சமையல் என்று மலாயில் கேட்டார். தீயணைக்கிற பொம்பாவைக் கூப்பிடவா என்று யாரோ கத்தினார்கள். சீன ஆன்டி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் கேட்டுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். பட்டுப்புடவையிலும் ஜிப்பாவிலும் இருந்தவர்கள் சாக்கடை ஓரம் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா முதலில் சொன்னது, "எங்களக் கொல்லவா கூப்ட்டீங்க?" என்பதுதான். அதற்குப் பிறகு யார் சமாதானமும் எடுபடவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போன அவர்களுடைய ஆள், மாற்றாத தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏற்றினார். கேசரியை யாரும் தொடவில்லை.

கார்கள் போன பிறகு அப்பா அம்மாவிடம் வந்தார். அவர் கண் நெருப்பாக இருந்தது. அதில் பாதி மிளகாய், பாதி கோபம்.

"என்னத்தடி போட்ட?"

"மிளகாதாங்க."

"எந்த மிளகா?"

அம்மா உள்ளே போய் ஜாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். மண்டை ஓடு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

"இதயா? கண்ணு இல்ல உனக்கு?"

"அவசரத்துல எடுத்துட்டேங்க." அம்மா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டும் செவப்பாத்தானே இருக்கு?"

மாமாவால் அடக்க முடியவில்லை. இருமலுக்கு நடுவே சிரித்துவிட்டார். அவர் மூலமாகத்தான் அந்த வாக்கியம் அன்றே குடும்பம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

நான் சிரிக்கவில்லை. அழுதேன். ஊதாப் பாவாடை போயிற்று, கல்யாணம் போயிற்று. அதைவிடப் பெரிய அவமானம் என் மண்டை ஓடு. அத்தனை பல் வரைந்திருக்கிறேன், அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லையே! அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், "அவ்ளோ நெடி வந்துச்சே, அப்படின்னா திருஷ்டியே இல்லன்னுதானே அர்த்தம்?" என்று கோபமாகக் கேட்டேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "நம்ம வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல."

அந்த வாரமே போன் வந்தது. சகுனம் சரியில்லையாம், வேண்டாமாம். அப்பா வெகுநாள் அம்மாவிடம் நேராகப் பேசவில்லை. "ஒங்கம்மாகிட்ட டீ கேளு" என்பார், அவள் எதிரில் நிற்கும்போதே. சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரித்தார்கள். வேலைக்காகாத பொம்பளை, ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். அம்மா எல்லோரிடமும் அதே பதிலைத்தான் சொன்னாள். கடைசியில் அப்பாவே அதைச் சொல்லிச் சிரிக்கும் நாள் வந்தது. அம்மாவும் கூடச் சிரித்தாள்.

அத்தை மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் உடைந்த தொட்டியிலிருந்து பேய்ச் செடியை எடுத்து, ஒடிந்த கிளைக்குக் குச்சி வைத்துக் கட்டி, ஒரு பழைய பெயின்ட் டின்னில் நட்டாள். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுருங்க அண்ணி" என்றாள் அத்தை, கொஞ்சம் சத்தமாகவே. "என் மிளகாயாலதான் எல்லாம்."

"ஆமா, உன் மிளகாயாலதான்" என்றாள் அம்மா. "மொதல்ல போர்ச்ச காலி பண்ணு."

யாரும் எதையும் காலி பண்ணவில்லை. அடுத்த மாதம் அங்கே இன்னும் நான்கு தொட்டிகள் வந்தன. அவற்றைக் காரிலிருந்து இறக்கியதில் பாதி அம்மா.

அத்தை இப்போது காப்பார் பக்கம் சொந்தமாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு இருக்கிறாள். அதே ஆபீசில் ஒரு பகுதிக்கே அவள்தான் மேலாளர். காலை வெயில் படும் பால்கனி, நிறையச் செடிகள். விதை எங்கே வாங்க வேண்டும், எங்கே வாங்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது அவளுக்கு அத்துப்படி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவளிடம் கேட்டால், யாரும் கேட்காத ஏதோ ஒரு மிளகாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். சனிக்கிழமைதோறும் அம்மாவும் அவளும் போனில் சண்டை போடுகிறார்கள்.

போன வருடம் எனக்கு ஒரு வரன் வந்தது. டெங்கில் பக்கம் வீடு, நல்ல வேலை, அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "உனக்கு ஓகேதானே?" என்று கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம். நான் "பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிருக்கா?" என்றாள் மெதுவாக.

"தெரியலம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் ஷெல்பிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். அத்தை வருடா வருடம் நிரப்பிக் கொடுக்கிறாள் போலிருக்கிறது. மிளகாய் புதிது, ஜாடி பழையது. மார்க்கர் மங்கியிருந்தது, ஆனால் பல்லெல்லாம் அப்படியே இருந்தது.

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல" என்றாள்.

நான் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீன ஆன்டி வீட்டில் விட்ட தம்பி, பின்கதவு நாற்காலி, ஈரத் துண்டு, வெற்றிலை. கையுறை போட்டிருந்த அத்தையின் கண்ணில் காரம் எப்படிப் பட்டிருக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இத்தனை வருடம் மாமா எடுத்துக் கொடுக்க நானும்தான் சேர்ந்து சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அம்மா, அன்னிக்கி இந்த மண்ட ஓட்ட நீ பாக்கவே இல்லியா?"

அம்மா திரும்பவும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"பாக்காம என்ன?" என்றாள். "நல்லாத்தான் வரைஞ்சிருந்த."